சுமைதாங்கிக்குள் உதித்த சூரியன்

2025 மார்ச் 20, வியாழக்கிழமை. காலை ஆறேகால் மணி. உத்திரமேரூர் பக்கத்துப் பெருநகர் என்ற எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஏரியோரத்து மேட்டில், பனி ஈரம் வேட்டியில் ஏற ஏற, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே அறுபது காலடி தூரத்தில் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று. இரண்டு கருங்கல் தூண், மேலே குறுக்காக ஒரு கல். அந்தக் கல் வாசலுக்குள் தூரத்து ஏரிக்கரை கறுப்புக் கோடாகத் தெரிகிறது. கோட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி சிவந்தது. புள்ளி கீற்றானது. கீற்று அரைவட்டமானது.

"வந்துடுச்சு மாமா! உள்ளயே வந்துடுச்சு!" என்று தங்கச்சி மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் நேரம். கரையை விட்டு முழு உருண்டையாக அது மேலே வந்ததும் அதன் தலை குறுக்குக் கல்லைத் தொட்டுவிட்டது. அந்த ஒரு கணம், இடப்பக்கம் ஒரு தூண், வலப்பக்கம் ஒரு தூண், மேலே ஒரு கல், கீழே எங்கள் ஏரிக்கரை, நடுவில் சூரியன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எத்தனை ஆயிரம் விடியலைப் பார்த்திருப்பேன்! அன்றைக்குத்தான் சூரியன் ஓர் இடத்துக்குச் சொல்லிவைத்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதை எழுதும்போதும் அடைக்கிறது.

சுமைதாங்கியைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ சுமந்து வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கிவைக்க, தோள் உயரத்தில் நட்டுவைத்த கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நடுவது வழக்கம். எங்கள் ஏரியோரத்துக் கல்லும் யாரோ ஒரு தாய்க்காக நட்டதாகத்தான் இருக்கும். அதை நட்டவர் சூரியனை நினைத்து நடவில்லை. பழைய வண்டிப்பாதை தெற்கு வடக்காகப் போகிறது. பாதையை ஒட்டி நட்டதால் குறுக்குக் கல்லும் தெற்கு வடக்காக அமைந்தது. அதனால் அந்தக் கல் வாசல் கிழக்கைப் பார்க்கிறது. கிழக்கை நேராகப் பார்க்கிற எந்த வாசலுக்கும் வருடத்தில் இரண்டு காலைகள் சூரியன் வந்தே தீரும், மார்ச் 20, 21 வாக்கில் ஒருமுறை, செப்டம்பர் 22, 23 வாக்கில் ஒருமுறை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவைதான்.

இதற்கு முந்தைய வருடமும் போனேன். அப்போது நின்றுகொண்டு பார்த்தேன், ஏமாந்தேன். நிற்கும்போது நம் கண் குறுக்குக் கல்லைவிட உயரத்தில் இருக்கிறது. அடிவானம் எப்போதும் கண் மட்டத்துக்கு வந்து நிற்கும். ஆகவே சூரியன் கல்லுக்கு மேலேதான் உதித்தது. உட்கார்ந்தால் கண் இறங்குகிறது, அடிவானமும் கூடவே இறங்கி, கல் வாசலுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. வெறும் இரண்டரை அடி இறங்குவதில் வானம் இடம் மாறிவிடுகிறது! இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடக் காத்திருப்பு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொன்னால் என் வீட்டுக்காரி நம்ப மாட்டாள்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் போனேன். கல் வாசலின் அகலம் நாலடி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க, மூன்று சூரியன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் போன்ற அகலம். 18ஆம் தேதி சூரியன் வலப்பக்கத் தூணுக்குப் பின்னே ஒதுங்கி, ஒரு பகுதியை மட்டும் காட்டியது. 19 அன்று முழுசாக உள்ளே வந்துவிட்டது, ஆனால் வலப்பக்கம் ஒட்டி. 20 அன்று நட்டநடு. 21 அன்று இடப்பக்கம் நகர்ந்தது. 22 அன்று இடப்பக்கத் தூண் அதைக் கடித்தது. 23 அன்று வாசல் காலி. ஒரு நாளைக்குத் தன் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் தாவுகிறது! நாளுக்கு நாள் எந்த மாற்றமும் தெரியாத அதே சூரியன், கல்லை வைத்துப் பார்த்தால் ஓடுகிறது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் ஆயா என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாப்பா, காலங்காத்தால கல்லப் பாத்துக்கினு குந்தினுகீற?"

சூரியன் கல்லுக்கு நடுவில் உதிப்பதைச் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த கோலைத் தெற்கே நீட்டினார். ஏரிக்கரையில் வரிசையாகப் பனைமரங்கள்.

"பங்குனியில இங்க வரும். மார்கழியில அதோ, கடைசிப் பனமரத்தாண்ட எயும்பும். அதுக்கு அந்தாண்ட போவாது. அங்கயே கொஞ்ச நாளு நின்னுட்டு, திரும்பிக்கும்."

அதுக்கு அந்தாண்ட போவாது! கதிர்த்திருப்பம் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சூரியன் உதிக்கும் இடம் ஜூன் 21 வாக்கில் வடக்கு எல்லையையும் டிசம்பர் 21, 22 வாக்கில் தெற்கு எல்லையையும் தொட்டுத் திரும்புகிறது. எங்கள் ஊர் கிட்டத்தட்ட 12.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஓர் எல்லைக்கும் மறு எல்லைக்கும் இடையே 48 டிகிரி. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே இருபது டிகிரிக்கு மேல் வரும். அப்படி இரண்டு சாண் அளந்தால் ஏறக்குறைய சூரியனின் ஒரு வருடப் பயணம் முழுக்க அடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் இடத்தில் இதே பயணம் ஏறக்குறைய 80 டிகிரி. அங்கே அது அடிவானத்தில் சாய்ந்து சறுக்கிக்கொண்டு எழும். நமக்கு நெட்டுக்குத்தாக எழுகிறது. அவர்களுக்கு நீளம் கிடைத்தது, நமக்கு நேர்மை கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2023 ஏப்ரலில். நிழலில்லா நாளைப் பற்றி செய்தித்தாளில் படித்துவிட்டு, வீடு கட்டியபோது மிஞ்சிய முறுக்குக் கம்பி ஒன்றை மூன்றடிக்கு வெட்டி, ஒரு டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நட்டேன். கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கடன் வாங்கி, மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்தினேன். எங்கள் ஊருக்கு அந்த நாள் ஏப்ரல் 23 வாக்கில் வருகிறது, ஆகஸ்ட் 19 வாக்கில் மறுபடி வருகிறது. பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு, கம்பியின் நிழல் சுருங்கிச் சுருங்கி, கம்பிக்குள்ளேயே புகுந்துகொண்டது. நின்ற கம்பிக்கு நிழல் இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கம்பி மாடியிலேயே இருக்கிறது. துணி காயப்போட இடைஞ்சல் என்று வீட்டில் பேச்சு உண்டு, ஆனாலும் யாரும் அதை நகர்த்தியதில்லை. அது காட்டிய அதிசயங்களில் எனக்கு மிகப் பிடித்தது மார்ச் 20 அன்றைய நிழல். சுமைதாங்கியிடமிருந்து வீடு திரும்பி, காலை ஒன்பது மணியிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீசால் புள்ளி வைத்தோம், நானும் தங்கச்சி மகனும். மாலை மூன்று மணிக்கு ஆறடிக்கு மேல் நீளமாகப் புள்ளிகள். கொத்தனாரின் மட்டக்கட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். ஒரு புள்ளிகூட விலகவில்லை. நூல் பிடித்த மாதிரி நேர்கோடு! கிழக்கு மேற்காக, கம்பிக்கு வடக்கே சரியாக எட்டு அங்குலம் தள்ளி.

மற்ற நாட்களில் அந்தக் கோடு வளையும். டிசம்பரில் நடுப்பகல் நிழலே 26 அங்குலம் வடக்கே போய்விடும், காலையிலும் மாலையிலும் நுனி இன்னும் வடக்கே விலகி, வில்லாக வளையும். ஜூனில் வில் திரும்பிக்கொள்ளும். நடுப்பகல் நிழல் ஏழு அங்குலம், அதுவும் தெற்கே! நிழல் எப்போதும் வடக்கேதான் விழும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஜூன் மாதம் பூமியே சாய்ந்து நிற்பது காலுக்கடியில் தெரிந்தது. சாய்ந்துதானே நிற்கிறது, இருபத்து மூன்றரை டிகிரி. இரண்டு வில்லுக்கும் நடுவில் வருடத்தில் இரண்டே நாள் நேராக வரும் அந்தக் கோடு, அதைத் தரையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் மாலையில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால், எந்த நாளிலும் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். சுமைதாங்கிக்கு முன்னால் நான் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவுசெய்ததும் இப்படித்தான். திசைகாட்டி முள்ளை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. சங்கு நடுவது, அதாவது நிழல் பார்க்கக் குச்சி நடுவது, என்று நம் சிற்ப நூல்கள் சொல்லும் முறை இது. காத்யாயன சுல்ப சூத்திரத்தில் இருக்கிறது, மயமதத்தில் இருக்கிறது. கோயிலுக்கு மனை பார்க்கும்போது முதல் வேலை இதுதான். எங்கள் பக்கத்து உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், 919லும் 921லும் வெட்டிய எழுத்து. எனக்கோ இப்போதெல்லாம் எந்தப் பழங்கோயிலைப் பார்த்தாலும், சுவர் எழும்பும் முன்பு அந்த வெற்றுத் தரையில் ஒருவர் குச்சி நட்டு, நிழல் வட்டத்தைத் தொடும் நொடிக்காகக் குனிந்து காத்திருந்த காட்சிதான் முதலில் கண்ணில் வருகிறது.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு முன்னே மார்ச்சிலும் செப்டம்பரிலும் சாயங்காலம் கூட்டம் கூடுமே, அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சமபகலிரவு நாளில் மேற்கே இறங்கும் சூரியன், கோபுர நடுவிலுள்ள திறப்புகள் ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுவிட்டுப் போகும்.

ஒரு சந்தேகம் எல்லோரும் கேட்பார்கள். என் மூத்த மாமா பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார். "உத்தராயணம் தை ஒண்ணாந் தேதிதானே மாப்பிள்ளை? நீங்க டிசம்பர் 21ன்னு சொல்றீங்க?" நல்ல கேள்வி. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றும் பம்பரம் போல ஆடுவதால், 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் விலகுகின்றன. ஏறத்தாழ 1,700 வருடத்துக்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்போது சூரியன் திரும்பியதும் தை பிறந்தது. இன்றைக்கு 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. அயனாம்சம் என்று பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். சித்திரை விஷுவுக்கும் மார்ச் 20க்கும் உள்ள தூரமும் அதே கணக்குதான். மாமா பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த எண்ணைக் கண்டுபிடித்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதற்காகவே இன்னும் பத்துப் பேருக்குச் சொல்வேன். நம் பஞ்சாங்கத்துக்குள் ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முந்தைய வானம் ஒன்று அப்படியே உறைந்திருக்கிறது.

ஒரு சின்னச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். சமபகலிரவு என்று பெயர் இருந்தாலும் அன்றைக்குப் பகல் ஆறேழு நிமிடம் கூடுதல். அதில் பெரும்பகுதி காற்றின் வேலை. அது ஒளியை வளைத்து, சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்குத் தூக்கிக் காட்டிவிடுகிறது.

கல் நடுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. மாடுகள் முதுகு தேய்த்துக்கொள்ள மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலை ஓரத்திலும் நட்ட கல்லுக்கு ஆதீண்டு குற்றி என்று பெயரே இருக்கிறது. போரில் விழுந்தவனுக்கு நடுகல். அதற்கும் முன்னே, இரும்பு வந்த காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களைச் சுற்றிக் கல்வட்டம் அமைத்தார்கள். மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950லும் 1952லும் தொல்லியல் துறை தோண்டியது, அமிர்தமங்கலத்தில் 1955ல். பாண்டவர் குழி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நம் பக்கத்தில் வட்டங்கள் நிறைய. ஆனால் வரிசை வரிசையாக நெடுங்கற்கள் நின்று, வரிசைக்கு நேராகச் சூரியன் எழும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிருஷ்ணா நதிக்கரைக்குப் போக வேண்டும். தெலங்கானாவின் நாராயணப்பேட்டை மாவட்டத்தில் முடுமால். 2025 மார்ச்சில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது என்ற செய்தியைப் படித்ததும் முடிவுசெய்துவிட்டேன், இந்த மார்கழி அங்கேதான் என்று.

அரக்கோணத்தில் மும்பை ரயிலேறினால் ராய்ச்சூரில் இறங்கலாம். அங்கிருந்து வண்டி பிடித்து கிருஷ்ணாவைத் தாண்டினால் வந்துவிடுகிறது. தங்கச்சி மகனும் நானும் டிசம்பர் 20 அன்று சாயங்காலம் போய் இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டோம். எண்பது ஏக்கர் பரப்பு. பத்திலிருந்து பதினாலடி உயரத்தில் எண்பது நெடுங்கற்கள் வரை. அவற்றுக்கு நடுவே, சுற்றிலும், முழங்கால் உயரக் கற்கள் ஆயிரக்கணக்கில். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தையவை என்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கே. பி. ராவ் கணித்திருக்கிறார். பல வருடம் இங்கே வந்து, எந்த வரிசை எந்த நாளின் சூரியனைப் பார்க்கிறது என்று அளந்து சொன்னவர் அவர்தான். ஊர்க்காரர்கள் 'நிலுராள்ள திம்மப்பா' என்று கும்பிடுகிறார்கள், நிற்கும் கற்களின் திம்மப்பன். ஒரு நெடுங்கல் அவர்களுக்கு எல்லம்மா. குங்குமம் காயாத கல்லைத் தொட்டபோது, இது அருங்காட்சியகப் பொருளில்லை, இன்னும் உயிரோடு இருக்கும் தெய்வம் என்று புரிந்தது.

மறுநாள், மார்கழி ஆறாம் தேதி, விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே இருந்தோம். அமாவாசை கழிந்த சமயம், கும்மிருட்டு. அங்கே தரையோடு கிடக்கும் ஒரு கல்லில் குழி குழியாகச் செதுக்கியிருக்கிறார்கள். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் குழிகளில் நிழல் நிரம்பியது. ஆள்காட்டி விரல் நுனியை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வழவழப்பு, உள்ளே துளி பனி நீர். இவற்றில் சில குழிகள் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டுகின்றன என்கிறார் ராவ். விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். வடக்கே, பாதி வானத்தில், அதே ஏழு நட்சத்திரம்! துருவ நட்சத்திரத்தைச் சுட்டும் அந்த இரண்டு நட்சத்திரங்களும் அந்த நேரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக நின்றன. அவை காட்டிய வழியே கண்ணைக் கீழே இறக்கினால், அடிவானத்துக்குச் சற்று மேலே மங்கலாகத் துருவன். குழியில் இருந்த ஈரம் என் விரலில் இன்னும் காயவில்லை. இந்தக் கல்லின்மேல் குனிந்து தட்டித் தட்டிச் செதுக்கியவரும் நடுவில் நடுவில் இப்படித்தானே நிமிர்ந்து பார்த்திருப்பார்! என் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்தது. முந்தின நாளே பார்த்துவைத்த ஒரு வரிசையின் மேற்கு முனையில் போய் நின்றோம். கற்கள் முதலில் கறுப்பு உருவங்களாகத் தனித்தனியே பிரிந்தன. பிறகு சாம்பல் நிறம். கரிசல் மண்ணிலிருந்து குளிர் காலில் ஏறியது. ஆறேமுக்கால் வாக்கில், கிழக்குக்குத் தெற்கே, வரிசை போய் முடியும் திசையில் அடிவானம் உருகியது. சூரியன் வந்த அந்த நொடியில் எனக்கு மறக்க முடியாதது சூரியன்கூட இல்லை, நிழல்கள்தான். ஒரே மூச்சில், அத்தனை கற்களும் நிழல் நீட்டின. நூற்றுக்கணக்கான அடி நீள நிழல்கள் எங்களைப் பார்த்து ஓடி வந்தன. ஒரு கல்லின் நிழல் அடுத்த கல்லின்மேல் ஏறி, அதன் நிழல் அடுத்ததன்மேல் ஏறி, வரிசை முழுக்க ஒரே நிழலாகக் கோத்துக்கொண்டு என் காலில் வந்து முடிந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் கோவை அவிழ்ந்தது, நிழல்கள் விலகித் தனித்தனியாயின. தங்கச்சி மகன் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்னப் பிள்ளையில் பிடித்த மாதிரி.

இத்தனை கல் நின்றால் ஏதாவது இரண்டு கல் ஏதாவது ஒரு நாளின் சூரியனோடு தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும் என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பார்கள். நியாயமான எச்சரிக்கை. எங்கள் சுமைதாங்கியே அதற்குச் சாட்சி. அதனால்தான் அளந்து பார்த்து எழுதியவர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. கர்நாடகத்தில் ஷாஹாபூர் பக்கத்து விபூதிஹள்ளியில் பாறைத்துண்டுகள் கட்டம் கட்டமாகக் கிடக்கும் வெளியை வானியல் அறிஞர் என். காமேஸ்வர ராவ் ஆராய்ந்தார். சிவமொக்கா மாவட்டத்து நிலஸ்கல்லையும் பைசேயையும் ஸ்ரீகுமார் மேனனும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் மயங்க் வாஹியாவும் சேர்ந்து அளந்து, கதிர்த்திருப்ப நாட்களின் உதயத்தையும் மறைவையும் கல் ஜோடிகள் குறிப்பதைக் கண்டார்கள். நிலஸ்கல் என்றாலே நிற்கும் கல்தான், அந்த ஊரின் பெயரே அது! ஜார்கண்டில் ஹசாரிபாக் அருகே பக்ரி பர்வாடியில் இரண்டு கற்கள் விரல் விரித்த மாதிரி சாய்ந்து நிற்கும், சமபகலிரவு நாளில் அந்த இடைவெளியில் சூரியன் எழும். சுபாஷிஸ் தாஸ் அதைக் கண்டு சொன்ன பிறகு மார்ச்சிலும் செப்டம்பரிலும் அங்கே ஆட்கள் திரள்கிறார்கள். அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் 5,000 வருடத்துக்கு முந்தைய கல்லறைக்குள், டிசம்பர் திருப்ப நாளின் காலை ஒளி 19 மீட்டர் நீள வழியாக உள்ளே நுழைந்து, பதினேழு நிமிடம் தங்கிவிட்டு வெளியேறும். ஆளுக்கொரு மூலையில், ஒருவரை ஒருவர் அறியாமல், எல்லோரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். குளிரில் எழுந்து போய், நின்று, பார்த்து, மறுநாளும் போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு கல்லைத் தூக்கி நட்டிருக்கிறார்கள்.

நீங்களும் பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். கிழக்கு திறந்திருக்கும் ஓர் இடம் போதும், வீட்டு மாடியே போதும். தினமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அடிவானத்தில் ஒரு செல்போன் கோபுரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தென்னை, எதுவும் உங்கள் நெடுங்கல்தான். சிவப்பாக எழும் அந்த முதல் நொடிகளை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கூட வந்தால் சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

முடுமாலிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஏரி மேட்டுக்கு ஓடினேன். ஆயா சொன்னது சொன்னபடி. கடைசிப் பனைமரத்தின் மட்டைகளுக்குள் சூரியன் சிக்கிக்கொண்டு எழுந்தது. அடுத்த நாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும். பங்குனியில் அப்படி ஓடியது, இப்போது ஒரு வாரம் முழுக்க அசைந்ததாகவே தெரியவில்லை. திருப்பத்துக்குப் பிந்தைய முதல் ஐந்து நாளில் தன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட நகராது என்று கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு காலையும் போய், இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

போகி அன்று காலை, 2026 ஜனவரி 14. ஊரெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. ஏரிமேல் புகையும் பனியும் கலந்து கிடக்க, சூரியன் செக்கச்செவேலென்று எழுந்தது. பனைமரம் தனியாக நின்றது. மரத்துக்கு இடப்பக்கம், நாலு சூரியன் அகலம் தள்ளி, வடக்கே. சந்தேகத்துக்கே இடமில்லாத தூரம். இருபத்து நாலு நாள் ஆகியிருக்கிறது, எந்தக் கருவியும் இல்லாதவர் கண்ணுக்கும் இப்போது தெரிகிறது. நாளை பொங்கல்.

ஆடுகளோடு ஆயா மேட்டில் ஏறி வந்தார். கோலை ஊன்றி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தார்.

"பாத்தியா, வெலகிக்கிச்சி. இனிமே கல்லுக்கு வந்துரும்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் சுமைதாங்கிக்கு எதிரே, என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கல் வாசலுக்குள் வெறும் ஏரிக்கரை. இன்னும் 65 நாள்.